பங்குக்காரிக்குத் தெரியாத பெயர்

செங்கமலம் வாயைத் திறந்து பேசினாலும் சங்குத்திடலில் ஒருத்தர் காதிலும் விழாமல் போன அந்தப் பங்குனி மாதத்தைப் பற்றி இப்போது யாரைக் கேட்டாலும், ஆமாம், அந்த வருஷம் மத்தி மீன்கூடச் சரியாகப் படவில்லை என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். அப்படிப்பட்ட ஊர் அது. கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் ஒரே ஒரு நீளத் தெரு, தெருவின் ஒரு கோடியில் ஐஸ் பேக்டரி, மறுகோடியில் மாரியம்மன் கோயில். நாகப்பட்டினத்திலிருந்து வருகிற பஸ் கோயிலைச் சுற்றித் திரும்பிப் போய்விடும். உட்கார்ந்து ஆச்சரியப்பட அங்கே எவருக்கு நேரம்? ஒருத்திக்கு மட்டும்தான் அது இன்றைக்கும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. நீலாயதாட்சி என்று பெயர், ஊரார் கூப்பிடுவது நீலா. பங்குக்காரியை ஊருக்குக் கொண்டுவந்தவள் அவள்தான்.

பங்குக்காரி யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது. கார்த்திகைப் புயலில் செல்போன் டவர் சாய்ந்தது. இன்றைக்கு வருவார்கள், நாளைக்கு வருவார்கள் என்று பார்த்துப் பார்த்து ஊர் சலித்துப்போனது. காற்று எப்போது திரும்பும், பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறினால் எந்த மருந்தை எவ்வளவு கொடுக்கலாம், மீன்துறைக்கு மனு எப்படி எழுதலாம் என்று எதைக் கேட்கவும் வழியில்லாமல், கழிப்பாலத்து மேட்டில் ஏறி நின்று போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, படகுக்காரன் கலியமூர்த்தியைக் கட்டிக்கொண்டு ஊருக்கே திரும்பி வந்திருந்த நீலாதான், கேட்டதற்குத் தமிழில் பதில் பேசுகிற ஏஐ ஒன்றை ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, பழைய சேலையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாள். அதெல்லாம் எங்கோ தூரத்தில், பெரிய பெரிய கட்டடங்களில், குளிர்காற்று அடித்துக்கொண்டே இருக்கிற அறைகளில் இருந்து பழகியது. ஒரு போனுக்குள் போடா என்றால் போகுமா? ஊரிலேயே பெரிதான ஐஸ் பேக்டரிக் கம்ப்யூட்டருக்குள்ளும் அது அடங்கவில்லை.

"ஒரு ஆளு கரைவலை இழுக்க முடியுமா நாட்டாரே? ரெண்டு பக்கமும் ஊரே நின்னு கயித்தப் புடிச்சாத்தானே வருது? இதையும் அப்படித்தான் இழுக்கணும்" என்று கோயில் வாசலில் கூடியிருந்த பஞ்சாயத்தில் நீலா சொன்னாள். ஊர்த் தலைவர் வைரக்கண்ணு நாட்டார் மீசையைத் தடவிக்கொண்டு, "செய்யி. ஆனா ஊர்க் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுச் செய்யி" என்றார்.

அவள் அதைத் துண்டு துண்டாகப் பிரித்தாள். வீட்டுக்கொரு துண்டு. போன் நல்லதாக இருந்த வீட்டுக்குப் பெரிய துண்டு, அரதப்பழசாக இருந்த வீட்டுக்குச் சின்னத் துண்டு, போனே இல்லாத வீட்டில் டிவிப் பெட்டிக்குள் ஒரு துண்டு. மின்கம்பங்களில் சின்னச் சின்ன வைபைப் பெட்டிகளைக் கட்டி வீட்டுக்கு வீடு இணைத்தாள். கோயிலடியில் ஒருத்தர் கேள்வி கேட்டால், முதல் வீட்டுப் போன் தன் பங்குக்கு யோசித்து அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும், அது தன் பங்குக்கு யோசித்து அதற்கடுத்த வீட்டுக்குக் கொடுக்கும், அப்படியே தெருவெல்லாம் நடந்து, ஐஸ் பேக்டரியைத் தொட்டுத் திரும்பி, பதில் ஒவ்வொரு வார்த்தையாக வந்து சேரும். படகுகள் கடலுக்குப் போகும்போது போன்களும் போய்விடும் என்பதால், ஒவ்வொரு துண்டையும் கடலுக்குப் போகிற வீடு ஒன்றிலும் கரையில் இருக்கிற வீடு ஒன்றிலும் வைத்தாள். எல்லார் வீட்டுப் பங்கும் அதில் இருந்ததால் அதற்குப் பங்குக்காரி என்று பெயர் விழுந்தது. யோசிக்கிறபோது போன்கள் சுட்டன. பெண்கள் அவற்றைத் தண்ணீர்ப்பானை மூடியில் வைத்துக் குளிர வைத்தார்கள். இட்லிக்கடை பாக்கியம், ஊரிலேயே நீளமான நாக்குக்காரி, "ஏன்டி நீலா, இவ யோசிக்கிற சூட்டுல நான் நாலு தோசை வார்த்துருவேன்டி" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள்.

எல்லாம் சரி, வேகம் மட்டும் இல்லை. காலையில் காற்றைப் பற்றிக் கேட்டால் காற்று அடித்து ஓய்ந்த பிறகு பதில் வந்தது. ஆகவே ஊருக்கு வேண்டாததை நறுக்கி அவளைச் சிறிதாக்க வேண்டியிருந்தது. நறுக்குவதற்கு ஒரு முறை உண்டு: ஊர் என்னென்ன பேசுகிறதோ அதையெல்லாம் எடுத்து அதற்குள் விட்டுப் பார்ப்பது, அப்போது எந்தெந்த மூலை விழித்துக்கொள்கிறதோ அதை வைத்துக்கொள்வது, எந்த மூலை கடைசிவரைக்கும் அசையாமல் கிடக்கிறதோ அதை வெட்டிப் போடுவது. லண்டன் குளிரும் குதிரைப் பந்தயமும் சங்குத்திடலுக்கு எதற்கு? மாசி மாதத்தில் ஒரு வாரம் ஊர்ப்பேச்சைப் பிடிப்பதென்று நீலா தீர்மானித்தாள். ஏலக்கூடத்தில் ஒரு போன், குழாயடியில் ஒரு போன், வலை பின்னுகிற கொட்டகையில் ஒன்று, பாக்கியத்தின் கடையில் ஒன்று. அது போக, வந்து பேசுகிறவர்கள் பேசட்டும் என்று தன் வீட்டு வாசலையும் திறந்து வைத்தாள். ஊரே வந்தது. பாட்டுப் பாடினார்கள், பக்கத்து வீட்டைத் திட்டினார்கள், செத்துப்போனவர்களைப் பற்றிச் சொல்லி அழுதார்கள்.

அந்த மாசியில்தான் ஊர் செங்கமலத்தை ஒதுக்கி வைத்திருந்தது.

கருவாட்டுக்காரி செங்கமலம், புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு தனியாளாகப் பிழைத்தவள், ஐம்பதைத் தாண்டியவள். கரையோரம் கட்டிக்கிடந்த அவள் படகின் மேல் பெரிய விசைப்படகு ஒன்று மோதி அது இரண்டாகப் பிளந்துவிட்டது. பஞ்சாயத்து கூடி, சமாதானமாகப் போங்கள் என்றது. அவள் சமாதானமாகப் போகவில்லை, பஸ் ஏறிப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். ஊர் விவகாரம் ஊரைத் தாண்டக் கூடாது என்பது அந்தக் கரையில் காலங்காலமாக இருக்கிற கட்டுப்பாடு. பங்குனி உத்திரம் வரைக்கும் அவளோடு யாரும் பேசக் கூடாது, தண்ணி, நெருப்பு கொடுக்கக் கூடாது, அவள் பேரை எடுக்கக் கூடாது என்று வைரக்கண்ணு நாட்டார் அறிவித்தார். ஊர் அப்படியே நடந்தது. குழாயடியில் அவள் குடத்தோடு வந்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள், அவ்வளவு பேசுகிற பாக்கியமே வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

குரல் எடுத்த வாரத்தில் ஒரு மத்தியானம், நீலா குரல் பிடிக்கிற மைக்கை அணைத்துவிட்டுத் தனியாக லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது, செங்கமலம் வாசலில் வந்து நின்றாள். படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"ஆயி நீலா. எல்லார் குரலும் எடுக்குறியாமே. என்னுதையும் கொஞ்சம் எடுத்துக்கயேன். ஊரு பேசலன்னா போவுது, அந்த மிஷினாவது என்னோட பேசட்டும்."

நீலாவின் அம்மா நோயில் படுத்துக் கிடந்த வருஷம் முழுக்க, அவளுக்குத் தலை பின்னி, ரிப்பன் கட்டி, டிபன் பாக்ஸில் சோறு போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் செங்கமலம். அந்தக் குரலை எந்தக் கூட்டத்திலும் அவளுக்குத் தெரியும். ஆனால் எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. பேசினால் நாளைக்கே பஞ்சாயத்து வரும், கம்பத்திலிருந்து பெட்டிகளை இறக்கச் சொல்வார்கள், கலியமூர்த்தியின் படகில் ஆள் ஏற மாட்டார்கள். இதெல்லாம் ஒரு நொடிக்குள் அவள் மனசில் ஓடிவிட்டது. அவள் திரும்பவில்லை. கண்ணைத் திரையிலேயே வைத்துக்கொண்டு, காதில் ஒன்றுமே விழாதவள் மாதிரி, விரல்களை மட்டும் பட்டன்களின் மேல் ஓட்டிக்கொண்டிருந்தாள். செங்கமலம் இன்னொரு தரம் கூப்பிட்டாள். அப்புறமும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

நறுக்கி முடித்த பங்குக்காரி பிய்த்துக்கொண்டு ஓடினாள். கேட்ட வாய் மூடுவதற்குள் பதில் வந்தது. போன்கள் சுடுவது நின்றது, பதில் சங்குத்திடல் பேச்சிலேயே வந்தது, ஏலக்கூடத்துக் கெட்ட வார்த்தைகளும் சேர்ந்தே வந்தன. ஊர் நீலாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. வைரக்கண்ணு நாட்டார் கோயிலில் அவள் பேருக்கு அர்ச்சனை செய்தார்.

பங்குனி உத்திரத்தன்று தீபாராதனை முடிந்ததும் நாட்டார், "செங்கமலத்து மேல இருந்த கட்டு இன்னியோட தீர்ந்திச்சி. எல்லாரும் பேசலாம்" என்றார். பெண்கள் முந்திக்கொண்டு அவளிடம் போனார்கள். பாக்கியம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னக்கா, கோவமா?" என்றாள். செங்கமலம் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் தளும்பியது; சத்தம் வரவில்லை. வீம்பு பிடிக்கிறாள் என்று முதலில் நினைத்தார்கள். அவள் கையிலிருந்த தட்டு கீழே விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவள் இருமியது கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை கருவாடு வாங்க நாகப்பட்டினத்து வியாபாரி வந்தபோதுதான் விஷயம் முழுசாகத் தெரிந்தது. "என்னங்க இது, அந்தம்மா நல்லாத்தானே பேசுறாங்க? நீங்க எல்லாம் ஏன் செவிடு மாதிரி நிக்கிறீங்க?" என்றார் அவர். பஸ் கண்டக்டருக்கும் கேட்டது. அவள் கூப்பிட்டால் காக்கைகள் வந்தன. தொண்டையைப் பார்த்த டாக்டரும், ஒன்றுமில்லை, கணீரென்றுதான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சங்குத்திடல்காரர்களுக்கு மட்டும் கேட்கவில்லை.

வேறு ஊராக இருந்தால் என்னென்னமோ நடந்திருக்கும். சங்குத்திடல் அதற்கும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டது. அவள் வருவது தெரியட்டும் என்று அவள் கூடையில் ஒரு மணி கட்டினார்கள். பஸ் கோயிலடியில் நிற்கிற சமயத்தில் கண்டக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "கேளுங்க தம்பி, இந்தக் கருவாடு என்ன விலைன்னு கேளுங்க" என்று பெண்கள் பேரம் பேசினார்கள். கண்டக்டரும் சலிக்காமல் அவள் சொன்னதைச் சொல்லி, நடுவே டிக்கெட்டும் கிழித்தார். அவளுக்கு விக்கல் எடுத்தால் தெரியாது என்று சாப்பிடும்போது பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மாரியம்மனுக்கு ஊர்ச்செலவில் பொங்கல் வைத்தார்கள். ஒதுக்கி வைத்தபோது கொடுக்காத தண்ணீரை இப்போது குடம் குடமாக அவள் வீட்டுக்குக் கொண்டுபோய் ஊற்றினார்கள். முன்னே எந்தக் காலத்திலும் அவளிடம் அவ்வளவு பிரியமாக அந்த ஊர் இருந்ததில்லை. அந்தப் பிரியத்தைப் பார்க்கப் பார்க்க நீலாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் அவள் ஏற்கனவே கேட்டுப் பார்த்திருந்தாள். கட்டுத் தீர்ந்த மறுநாளே பங்குக்காரியிடம், "கருவாட்டுக்காரி செங்கமலம் யாரு?" என்றாள்.

"அப்படி ஒருத்தர் சங்குத்திடல்ல இல்லியே. வேற ஏதாவது கேளுங்க" என்றாள் பங்குக்காரி, பாக்கியத்தின் இழுவையிலேயே.

அந்த ஒரு வாரப் பேச்சில் செங்கமலத்தின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. அவளுக்குரிய மூலை அசையாமல் கிடந்திருக்கிறது, கத்தி அதை வெட்டிப் போட்டுவிட்டது. மிஷினில் வெட்டியது ஊரின் காதில் எப்படி வெட்டுப்பட்டது என்று நீலா யோசிக்கவில்லை. பங்குக்காரி எல்லார் வீட்டிலும் இருந்தாள், எல்லார் வீட்டிலும் கேட்காமல் போனது, அவளுக்கு அது போதும். வெட்டுப்படாமல் இருக்க எத்தனை குரல் வேண்டியிருந்திருக்கும் என்றும் அவளுக்குத் தெரியும். ஒரே ஒரு குரல் போதும். அந்தக் குரல் அவள் வாசல்வரைக்கும் வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள், கலியமூர்த்தி என்னவென்று கேட்டால் மசக்கை மாதிரி இருக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லி, அந்தப் பொய்க்காக அவன் வாங்கிவந்த மாங்காயையும் தின்று தீர்த்தாள்.

சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகெல்லாம் கரையேறின, போனெல்லாம் வீட்டில் இருந்தன. பங்குக்காரியின் ஒரு துண்டுகூடக் கடலில் இல்லை. வெட்டினதை ஒட்ட வேண்டுமென்றால் இதுதான் சமயம். நீலா பஞ்சாயத்துக்குப் போனாள்.

"நாட்டாரே, பங்குக்காரிய நறுக்கும்போது ஊரு பேசாத பேரெல்லாம் விழுந்துபோச்சி. அந்த வாரம் செங்கமலக்கா பேர நாம யாரும் எடுக்கல. அதான் இப்படி. இப்ப எல்லாரும் வந்து அவங்களப் பத்திப் பேசுனா திரும்ப ஒட்டிரலாம்."

சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது, நாம் என்ற வார்த்தைக்குள் தன்னை எவ்வளவு சவுகரியமாக ஒளித்துக்கொண்டோம் என்று. ஊர் அந்தக் குற்றத்தை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. கரைவலை மீனைப் பிரிக்கிற மாதிரி வீட்டுக்கு வீடு பிரித்து எடுத்துக்கொண்டார்கள், ஒருத்தருக்கும் பாரமாக இல்லை. வைரக்கண்ணு நாட்டார் மட்டும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு ரெண்டு பங்கு" என்றார்.

செங்கமலத்தைப் பங்குக்காரிக்குள் வைக்கப் போன்களில் இடம் வேண்டும். ஒவ்வொரு வீடும் எதையாவது அழித்தாக வேண்டும். அதற்கு நடந்த சண்டையைக் கேட்க வேண்டுமே! கல்யாண வீடியோவா, சினிமாவா, மாமியார் போட்டோவா என்று புருஷனும் பெண்டாட்டியும் முட்டிக்கொண்டார்கள். மாமியார் போட்டோவை அழித்த மருமகள்கள் அநேகம். ஒட்டுகிற வேலை சின்ன வேலையில்லை, போன்கள் அடுப்பாகக் கொதிக்கும் என்று நீலா சொன்னதால், எல்லாப் போன்களையும் டிவிப் பெட்டிகளையும் ஐஸ் பேக்டரிக்குக் கொண்டுவந்து, பாலிதீன் விரித்த ஐஸ் பாளங்களின் மேல் வரிசையாக அடுக்கினார்கள். நடுவில் மைக் வைத்தாள். செங்கமலம் வரவில்லை, தன்னைப் பற்றி ஊர் பேசுகிற இடத்தில் தான் எதற்கு என்று கண்டக்டரிடம் சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஒவ்வொருத்தராக வந்து பேசினார்கள். பேசியது அத்தனையும் அங்கே இருந்த எல்லாப் போனுக்குள்ளும் போனது.

"அவ படகு நின்ன எடத்துல நின்னுச்சி. அவ மேல தப்பு இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். மோதுனவன் பெரிய ஆளு, அதான் சமாதானமாப் போன்னேன்" என்றார் நாட்டார்.

"தீப்பெட்டி கேட்டு வந்தா. கையில தீப்பெட்டிய வச்சிக்கிட்டே கதவச் சாத்துனேன்" என்று பாக்கியம் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுது முடித்து, "ஆனா அவ கருவாட்டுல உப்பு சாஸ்தி, அதையும் எழுதிக்க" என்றாள்.

ஐஸ் தரகர் சித்திரவேலு தொண்டையைச் செருமி, "செங்கமலம் அவர்கள் தங்கமான மனுஷி, ஊருக்கே எடுத்துக்காட்டு" என்று மேடைப்பேச்சாகப் பேசிவிட்டு இறங்கினார்.

மறுநாள் செங்கமலம் கூடையோடு தெருவில் இறங்கி, "கருவாடேய்ய்" என்று கூவினாள். தெருவெல்லாம் வாசலுக்கு ஓடி வந்தது. சித்திரவேலு மட்டும், என்ன விசேஷம், ஏன் ஓடுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு நின்றார். அவருக்குக் கேட்கவில்லை. பாக்கியம் விழுந்து விழுந்து சிரித்தாள். "பொய்யாப் பேசுனீரு, அதான்! போயி உள்ளதச் சொல்லும்!" அவர் ஐஸ் பேக்டரிக்கு ஓடி, அவளிடம் எடை குறைத்துப் பாதி உருகிய ஐஸை விற்றுவந்ததை, இன்னும் எடுக்காமல் வைத்திருந்த மைக்கில் சொல்லிவிட்டு வந்தார். வந்ததும் அவர் காதில் விழுந்த முதல் வார்த்தை, செங்கமலம் அவரைத் திட்டிய திட்டு. ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது. உள்ளதைச் சொன்னவருக்குக் கேட்கும், சொல்லாதவருக்குக் கேட்காது என்று அன்றோடு ஊருக்கெல்லாம் தெரிந்துபோனது.

நீலா தன் வாசலில் நின்று எல்லோரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்கவில்லை.

முந்தின நாள், எல்லோரும் பேசி முடித்த பிறகு, கடைசியாக அவளும் மைக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். செங்கமலக்கா எனக்குத் தலை பின்னிவிட்டாங்க, சோறு போட்டாங்க என்றாள். அதுவரைக்கும் உண்மை. அதற்கப்புறம் சொல்ல வேண்டியது நாக்கின் நுனிக்கு வந்தது. ஐஸின் மேல் ஊர்ப் போன்களெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன; சொன்னால் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போகும்; கோயில் அர்ச்சனை போகும், கலியமூர்த்தி முகத்தில் எப்படி விழிப்பது? "குரல் எடுத்த வாரத்துல அவங்க நெனப்பு எனக்கு வரவே இல்ல, மறந்தே போயிட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டாள். மறதி என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் அல்லவா.

இப்போது போய் எனக்குக் கேட்கவில்லை என்று யாரிடம் சொல்வது? சொன்ன கையோடு, நீ என்ன பொய் சொன்னாய் என்ற கேள்வி வரும். ஆகவே அவள் கேட்கிறவளாக நடிக்கப் பழகினாள். செங்கமலம் பேசும்போது மற்றவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். அவர்கள் சிரித்தால் சிரித்தாள், உச்சுக்கொட்டினால் உச்சுக்கொட்டினாள். தெருவில் எதிர்ப்பட்டால், "சரிக்கா", "ஆமாக்கா", "வரேங்க்கா" என்று மூன்றில் ஒன்றைச் சொல்லிவிட்டு நழுவினாள். உதட்டைப் படிக்கப் பார்த்தாள், வெற்றிலை போட்ட வாயில் ஒன்றும் படிக்க வரவில்லை. வைகாசி போனது, ஆனி வந்தது, படகுகள் மறுபடி கடலில் இறங்கின. அவள் நடிப்பில் ஒரு பிசகும் இல்லை. தினமும் தலை வாரும்போது மட்டும் கை அப்படியே நின்றுவிடும், வகிடு எடுத்த இடத்தில் சீப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒரு நாள் காலையில், கலியமூர்த்தி கடலுக்குப் போயிருந்த சமயம், செங்கமலம் நீலாவின் வாசலுக்கு வந்தாள். கூடை இல்லை, கூட ஆளும் இல்லை. முகத்தைப் பார்த்துச் சிரிக்கவோ உச்சுக்கொட்டவோ அங்கே இன்னொரு முகம் இல்லை. நீலா, "வாங்கக்கா" என்றாள். செங்கமலம் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். மெதுவாகப் பேசினாள், நிறையப் பேசினாள், நடுவில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீலா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கடைசியில் செங்கமலம் எதையோ கேட்டாள். கேள்விதான் என்பது புருவம் ஏறியதில் தெரிந்தது. கேட்டுவிட்டு, நீலாவின் வாயையே பார்த்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஆமாக்கா" என்றாள் நீலா.

 செங்கமலம் இரண்டு கையாலும் நீலாவின் முகத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் விரல்களை நெறித்துக்கொண்டாள், எழுந்தாள், வந்ததைவிட வேகமாகத் தெருவில் இறங்கிப் போனாள். நீலாவுக்கு உயிர் வந்தது. என்னவோ நல்லதாகத்தான் சொல்லிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு உலையை வைத்தாள். அரிசி களைந்துகொண்டிருந்தபோது பாக்கியம் மாவுப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"என்னடி நீலா, செங்கமலத்துக்கிட்ட என்னத்தச் சொன்ன? குழாயடியில நின்னு ஒவ்வொருத்தியாப் புடிச்சிப் புடிச்சிச் சொல்லிக்கிட்டிருக்கா, சந்தோஷம் தாங்கல அவளுக்கு!"

"என்ன சொல்றாங்க?"

"அதான்டி, நீ குரல் எடுத்தியே அந்த வாரம், ஒன் வாசல்ல வந்து நின்னு கூப்புட்டாளாம். ரெண்டு தரம் கூப்புட்டும் நீ திரும்பலயாம். சரி, ஊர்க்கட்டு இருந்தா என்ன, நான் தலை பின்னிவிட்ட புள்ள, காதுல வுழுந்தா திரும்பிப் பாக்காம இருக்குமா, அப்ப என் குரல் அன்னிக்கே போயிருச்சின்னு நெனச்சிக்கிட்டாளாம். சாமியே எடுத்துக்கிச்சி, நான் செஞ்ச பாவம் எதுவோன்னு இத்தன மாசமா உள்ளுக்குள்ளயே மறுகிக் கெடந்திருக்கா பாவி. குரல் திரும்பி வந்தும் மறுபடி போயிருமோன்னு பயமாம். அதான் இன்னிக்கித் துணிஞ்சி ஒன்னயே கேட்டுட்டாளாம், அன்னிக்கு நான் கூப்புட்டது கேட்டுச்சான்னு. கேட்டுச்சின்னு சொன்னியாமே? 'என் குரலுக்கு அன்னிக்கு ஒண்ணும் ஆவலடி, நல்லாத்தான் இருந்திருக்கு, நீலாவே சொல்லிட்டா, இனிமே எனக்குப் பயமில்ல'ன்னு..."

சிரித்துக்கொண்டே ஆரம்பித்த பாக்கியத்தின் பேச்சு, சொல்லச் சொல்லக் குறைந்துகொண்டே வந்து, அங்கே நின்றது. அவள் நீலாவைப் பார்த்தாள். நீலாவின் கை அரிசித் தண்ணீருக்குள் இருந்தது. "அப்ப மறந்தே போயிட்டேன்னு மைக்குல சொன்னியே?" என்றாள் பாக்கியம். மாவுப் பாத்திரத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, பதிலுக்கு நிற்காமல் படியிறங்கிப் போனாள்.

நீலா ஈரக்கையோடு வாசலுக்கு வந்தாள். தெருக்கோடியில் செங்கமலம் ஐஸ் பேக்டரி வாசலில் நின்று, யாரோ ஒருத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள், என்ன இவ்வளவு சத்தமாகச் சிரிக்கிறாள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் சொன்னது நீலாவுக்கு நன்றாகக் கேட்டது.